அசையாதவர் மட்டும் பதிவார்

ஐந்து படங்களும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அதுதான் வீட்டுப்பாடம்.

அபெர்ச்சரை ஒரு படி சுருக்கினால் ஷட்டரை ஒரு படி நிதானமாக்க வேண்டும். வெளிச்சம் நுழையும் வழி குறுகினால் அது வந்து சேரக் கூடுதல் நேரம் தர வேண்டும், அவ்வளவுதான். பெர்மெத் குறிப்பேட்டில் கோடு போட்டு எழுதியிருந்தாள். எஃப் 2.8, அரை நொடி. எஃப் 4, ஒரு நொடி. 5.6, இரண்டு. 8, நான்கு. 11, எட்டு. ஐ.எஸ்.ஓ. நூறு, மாற்றவில்லை. ட்ரைபாட், தொடவில்லை. பொருள்: கதவுக்கு எதிர்ச் சுவரோரம், விருந்தாளிகளுக்கான சிவப்பு மெத்தை. நேரம்: வியாழன் மாலை ஐந்து மணி.

ஐந்திலும் வெளிச்சம் ஒரே அளவில்தான் இருந்தது. சுவரில் தொங்கிய கம்பளத்தின் ஆட்டுக்கொம்புக் கோலம் ஐந்திலும் ஒரே சிவப்பில் இருந்தது. ஆனால் நான்காவது படத்தில் மெத்தையின் நடுப்பகுதி குழிந்திருந்தது. ஐந்தாவதில், அந்தக் குழிவுக்கு மேலே, கம்பளத்தின் கோலம் கொஞ்சம் மங்கியிருந்தது. கெட்டிலின் ஆவி ஒரு ஆள் உயரத்துக்கு எழுந்து அங்கேயே நின்றதுபோல.

அவள் நிமிர்ந்து மெத்தையைப் பார்த்தாள். அது தட்டிவைத்தபடி உப்பலாக இருந்தது.

தான் ஏதோ தப்பாக வைத்திருக்கிறோம் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அவளுக்கு எப்போதும் முதலில் அதுதான் தோன்றும். மருத்துவமனைப் பதிவு மேசையில் ஒரு பெயரை எழுதினால் மூன்று முறை சரிபார்ப்பவள் அவள். லென்ஸைத் துடைத்தாள். மறுபடி எட்டு நொடி வைத்தாள். ஆவி அங்கேயே இருந்தது. குறிப்பேட்டில் எழுதினாள்: ‘ஐந்தாவது படம், பிழை. காரணம் தெரியவில்லை. என் கை?’

சமையலறையில் எண்ணெய் சீறிக்கொண்டிருந்தது. அம்மா பொர்சோக் பொரித்துக்கொண்டிருந்தார். சதுரமாக வெட்டிய மாவுத் துண்டுகள் ஒவ்வொன்றாக எண்ணெயில் விழுந்து, உப்பி, புரண்டு, பொன்னிறமாகும் அந்த வாசனை கரக்கோல் நகரத்தில் எல்லா வீடுகளிலும் வியாழன் மாலை எழும். இறந்தவர்களுக்கு வாசனைதான் சாப்பாடு. வாரத்துக்கு ஒரு நாள் எண்ணெய் காய்ச்சி, வாசனை கிளப்பி, அவர்கள் பெயரைச் சொல்லி ஓதினால், அவர்கள் வாசல்வரை வந்து பசியாறிப் போவார்கள்.

ஆனால் இந்த வீட்டில் பதினொரு மாதங்களாகத் தினமும் எண்ணெய் காய்ந்தது. திரைச்சீலையிலும் தலையணையிலும் பெர்மெத்தின் கூந்தலிலும் அந்த வாசனை ஊறியிருந்தது. பக்கத்து வீட்டு சைரா எஜே, தெருவில் எல்லோருக்கும் அக்கா முறை, வேலிக்கு மேலாகத் தலையை நீட்டி ஒருநாள் கேட்டேவிட்டார்.

“ஏண்டி பாத்மா, இன்னிக்கு என்ன கிழமை?”

“செவ்வாய்.”

“செவ்வாய்க்கிழமை யாருக்குடி பொரிக்கிற? தினம் தினம் தட்டு வச்சா விருந்தாளி எப்போ கிளம்புவான்? அவன் போற வழிக்குப் போகவேண்டாமா?”

“என் பிள்ளை பசியோட போனான் எஜே.”

“எல்லாரும் பசியோடதான் போறோம். எண்ணெயாவது மாத்துறியா? தெரு முழுக்க உன் புகைதான். என் கோழியெல்லாம் இருமுது.”

அம்மா உள்ளே வந்து அடுத்த ஈடு மாவை எண்ணெயில் போட்டார்.

ஷும்கார் பெர்மெத்துக்கு அண்ணன். பதினேழு வயதில் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனான். இருபத்து நான்காம் வயதில், போன ஜனவரியில், அவன் வேலைசெய்த கிடங்கு எரிந்தது. உள்ளே ஒன்பது பேர். வந்தது பற்றவைத்து மூடிய துத்தநாகப் பெட்டி. கோட்டுப் பையில் பாஸ்போர்ட் இருந்தது, அதை வைத்துத்தான் அடையாளம் என்று கொண்டுவந்தவர்கள் சொன்னார்கள். திறக்க வேண்டாம் என்றும் சொன்னார்கள். அதனால் உடலைக் குளிப்பாட்டவில்லை, முகத்தை யாரும் பார்க்கவில்லை. பெட்டியின் மேல் தண்ணீர் ஊற்றினார்கள். அந்தத் தண்ணீர் ஓடி, முற்றத்துப் பனியில் உறைந்து, மார்ச் வரை அப்படியே கிடந்தது.

இப்போது வருட நினைவு விருந்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது. அதற்குள் கல்லறைக் கல் நிற்க வேண்டும், கல்லில் முகம் வேண்டும். கல் செதுக்குபவர் கையை விரித்துவிட்டார்.

“இது பள்ளிக்கூடப் படம்மா. மீசைகூட முளைக்கலை. இதைப் போட்டா குழந்தை செத்துப்போச்சுன்னு நினைப்பாங்க. பெரியவனானப்புறம் எடுத்தது ஒண்ணுகூடவா இல்ல?”

ஒன்றுகூட இல்லை. பாஸ்போர்ட்டில் இருந்ததும் ஊரை விட்டுப் போகுமுன் எடுத்த அதே பள்ளிக்கூட முகம்தான். மற்றவர்களைப் படமெடுப்பவன் அவன். தன்னை எடுக்க விடமாட்டான். வீடியோவில் அழைத்துப் பேசும்போதுகூட கைபேசியை மேசையில் மல்லாத்தி வைத்துவிடுவான். அந்தப் பக்கம் விடுதியின் கூரையும் ஒரு குண்டு பல்பும் தெரியும். எப்போதாவது இரண்டு நொடி குனிந்து, பல்லைக் காட்டி, “போதுமா? பார்த்தாச்சா?” என்பான். அந்த இரண்டு நொடிகளில்தான் அவன் ஆண்பிள்ளையாக வளர்ந்ததை அவர்கள் பார்த்தார்கள். அம்மா அதைத்தான் தினமும் சொன்னார். “முகம் மறந்துபோயிடும் பெர்மெத். எனக்கு இப்பவே மூக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கு.”

இந்த கேமராவும் அவன் அனுப்பியதுதான். கேமராவே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் பச்சைக் கட்டத்தில் வைத்து எடுக்காதே, ஒழுங்காகக் கற்றுக்கொள் என்று சீட்டு எழுதியிருந்தான். அவன் இருந்தவரை அவள் பச்சைக் கட்டத்தில்தான் வைத்து எடுத்தாள். மாலை வகுப்பில் சேர்ந்தது அவன் போன பிறகு.

வகுப்பில் ஆறு பேர். சொல்லிக்கொடுத்த கென்ஜே கல்யாணங்களுக்குப் படமெடுப்பவள், வாய் ஓயாதவள். அன்றிரவு பெர்மெத்தின் ஐந்தாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“யாரை உட்கார வச்ச?”

“யாரும் இல்லையே.”

“பொய் சொல்லாத. ஷட்டர் நிதானமா இருக்கறப்போ, அசையறது எதுவும் பதியாது. நடந்து போறவன் மறைஞ்சுடுவான். அசையாம இருக்கறவன் மட்டும்தான் நிப்பான். இவர் எட்டு நொடியில ஒரு ரெண்டு நொடி உட்கார்ந்திருக்கார், அப்புறம் எழுந்து போயிருக்கார். அதான் கண்ணாடி மாதிரி தெரியுது. இன்னும் கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லு, தெளிவா வருவார்.”

ஷேர் டாக்ஸி ஓட்டும் தொக்தோசுன் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். “பேயா இருந்தா எனக்குக் கொடு தங்கச்சி. பின்சீட்டுல உட்கார வச்சுக்கறேன். ‘மூணு பேர் ஏறியாச்சு, ஒரு ஆள்தான் பாக்கி’ன்னு கத்தலாம்.”

எல்லோரும் சிரித்தார்கள். பெர்மெத்தும் சிரித்தாள். வீட்டுக்கு நடக்கும்போது நிலக்கரிப் புகையும் பனியும் கலந்த காற்றில் அவளுடைய பற்கள் கிட்டின. ‘இன்னும் கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லு.’

அவள் முறையாகத்தான் செய்தாள். வெள்ளிக்கிழமை அம்மா எண்ணெய் வைப்பதற்கு முன் எட்டு நொடி எடுத்தாள்: எதுவும் இல்லை. எண்ணெய் காய்ந்த பிறகு எட்டு நொடி: இருந்தது. வேறு மூலையில் எடுத்தாள்: இல்லை. ஜன்னல் படத்தில் விழுந்தால் மெத்தை இருண்டுவிடும் என்று கென்ஜே சொல்லியிருந்ததால், ஒவ்வொரு முறையும் ஜன்னலை வெளியே தள்ளி, மெத்தையை மட்டும் சட்டத்துக்குள் வைத்தாள். சனிக்கிழமை எஃப் 16, பதினாறு நொடி. தோள்கள் தெரிந்தன. ஞாயிறு எஃப் 22, முப்பது நொடி. மடக்கிய முழங்கால், முழங்காலில் ஒரு கை, கழுத்தை மூடிய கோட்டுக் காலர்.

அந்தக் காலரை அவளுக்குத் தெரியும். கிழிந்த காலருக்குப் பதிலாக அம்மா ஆட்டுத்தோல் வைத்துத் தைத்து, பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பிய கோட்டு அது.

முகம் மட்டும் இல்லை. காலருக்கு மேலே இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பழுப்புக் குழப்பம், விரலால் தேய்த்து அழித்ததுபோல. உடம்பு முப்பது நொடியும் அசையாமல் இருந்திருக்கிறது, முகம் அசைந்துகொண்டே இருந்திருக்கிறது. ஏன் என்று அவள் வெகுநேரம் யோசித்தாள். படத்தைப் பெரிதாக்கினாள். முழங்காலில் இருந்த கையில் ஒரு பொர்சோக் இருந்தது.

மென்றுகொண்டிருக்கிறான்.

முப்பது நொடியும் நிறுத்தாமல்.

கேமராவை மடியில் வைத்துக்கொண்டு அவள் தரையில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. மெத்தைப் பக்கம் திரும்ப வேண்டியிருந்தது, திரும்ப முடியவில்லை. கடைசியில் திரும்பினாள். வெறும் மெத்தை, வெறும் கம்பளம், அம்மா கொண்டுவந்து வைத்த தட்டு. தட்டில் பொர்சோக் குறையவே இல்லை. குறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. என்ன மென்றாலும் அவன் வயிற்றுக்கு எதுவும் போகவில்லை.

“என்னடி பார்க்குற?”

அம்மா பின்னால் நின்றார். மறைக்க நேரமில்லை. கேமராவை வாங்கி, கண்ணருகே கொண்டுபோய், புரை விழுந்த கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். அடுப்பில் எண்ணெய் கருகத் தொடங்கியது. இருவரும் போகவில்லை.

“நான் தச்ச காலர்,” என்றார் அம்மா.

“அபா,” என்றாள் பெர்மெத். அம்மாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். “என் தப்பா இருக்கலாம். நான் சரியா வைக்கலைன்னா இப்படிக்கூட...”

“நான் தச்ச காலர் பெர்மெத். எனக்குத் தெரியும் வந்துட்டான்னு. சைரா எஜே என்ன வேணா சொல்லட்டும்.” அவருடைய விரல் திரையில் அந்தப் பழுப்புக் குழப்பத்தைத் தடவியது. “முகம் எங்கே?”

“அசையறான் அபா. அசையாம இருந்தாதான் வரும்.”

“அவ்வளவுதானே? நான் சொன்னா கேட்பான்.”

மறுநாள் திங்கட்கிழமை. பெர்மெத் வேலையிலிருந்து வரும்போதே அம்மா எண்ணெய் காய்ச்சி முடித்திருந்தார். நல்ல வெள்ளைத் தலைத்துணி கட்டியிருந்தார். கல் செதுக்குபவருக்கு நாளைக் காலை படம் தருவதாக ஆள் அனுப்பிவிட்டாராம்.

“நானும் பக்கத்துல உட்காருறேன். தனியா உட்கார்ந்தா கூச்சப்படுவான்.”

“நீங்களும் வந்தா நான் பின்னாடி தள்ளி வைக்கணும். ஜன்னல் உள்ளே விழும்.”

“விழட்டுமே. வெளியதான் இருட்டுதே.”

உண்மைதான். வெளியே பனியின் நீல வெளிச்சமும் அறையின் இருட்டும் ஏறக்குறைய ஒன்றாகிக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் ஜன்னல் மெத்தையை இருட்டாக்காது. அவள் ட்ரைபாடைக் கதவுவரை நகர்த்தினாள். மெத்தை, அம்மா, ஜன்னல், எல்லாம் சட்டத்துக்குள் வந்தன. எஃப் 16 வைத்தாள். துளை அத்தனை சிறிதாக இருந்தால் அருகில் இருப்பதும் தொலைவில் இருப்பதும் ஒன்றுபோலத் தெளிவாக வரும். மீட்டர் காட்டிய கணக்கைக் குறிப்பேட்டில் இரண்டு முறை பெருக்கிப் பார்த்தாள். இரண்டு நிமிடம். கேமராவில் முப்பது நொடிக்கு மேல் எண் இல்லை. அதற்குமேல் வேண்டுமென்றால் ரிமோட் பொத்தானைக் கையால் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். பிடித்திருக்கும்வரை ஷட்டர் திறந்தே இருக்கும். விட்டால் மூடும்.

அம்மா மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்து, பக்கத்து வெற்றிடத்தைப் பார்த்துப் பேசினார்.

“என் குதிரைக்குட்டி. போதும் சாப்பிட்டது. கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு அந்தப் பொட்டியைப் பாரு. தங்கச்சி படம் எடுக்குறா. அப்புறம் சாப்பிடலாம். உனக்குத்தான் எல்லாம்.”

பெர்மெத் பொத்தானை அழுத்தினாள்.

ஒன்று. இரண்டு. உதட்டுக்குள் எண்ணினாள். கருகிய எண்ணெயின் கசப்பும் ஆட்டுத்தோலின் வாடையும், அதற்கு அடியில், ஈரம் பட்ட பழைய சாம்பலின் வாடையும் ஒன்றன்பின் ஒன்றாக மூக்கில் ஏறின. அம்மா மூச்சைக்கூட மெதுவாக விட்டார். முப்பது. எங்கோ ஒரு மெல்லிய சத்தம் இத்தனை நாளாக அறைக்குள் இருந்திருக்கிறது, அது நின்ற பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. மெல்லும் சத்தம். அது நின்றுவிட்டது.

நாற்பத்தைந்து. நிசப்தம்.

அறுபது.

டக்.

கூரை விளிம்பிலிருந்து பனிக்கட்டி சொட்டுகிறது என்று நினைத்தாள். டக். டக். இந்தக் குளிரில் எது உருகும்? தான் தப்பாகக் கேட்கிறோம். எண்ணிக்கை தவறிவிடும். எழுபத்தொன்று. டக், டக், டக். கட்டைவிரல் மரத்துவிட்டது. அம்மாவின் சட்டைக் கை ஓரிடத்தில் மடிந்தது. யாரோ பற்றியதுபோல. அம்மா சிரித்தார். கண்ணீர் வழிந்தது. முகத்தை அசைக்கவில்லை.

நூறு.

விட்டுவிடலாமா? விட்டால் முகம் வராது.

நூற்றுப் பத்து.

டக் டக் டக் டக்.

நூற்றிருபது.

விட்டாள்.

படம் திரையில் வருவதற்கு இன்னொரு இரண்டு நிமிடம் ஆனது. நீண்ட நேரப் படங்களுக்கு எப்போதும் அப்படித்தான், கேமரா தனக்குள் எதையோ கழித்துக்கொண்டிருக்கும். மெல்லும் சத்தம் மறுபடி தொடங்கியது. இப்போது அவளுக்கு அது நன்றாகவே கேட்டது.

திரை ஒளிர்ந்தது.

அம்மா தெளிவாக இருந்தார். அவருடைய சட்டைக் கையைப் பற்றிய ஐந்து விரல்கள் தெளிவாக இருந்தன. ஆட்டுத்தோல் காலர், ஒவ்வொரு தையலும். காலருக்கு மேலே முகம்.

முப்பத்தைந்து வயது இருக்கும். முன்தலையில் முடி இல்லை. அகன்ற தாடை, நெருங்கிய கண்கள். ஏதோ ஒரு குழந்தை கேட்டதற்காகப் படத்துக்கு அடங்கி உட்கார்ந்தவன்போல, கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் அந்த முகத்தை இதற்குமுன் எங்கும் பார்த்ததில்லை.

யாருக்கோ பிள்ளை. ஷும்காரின் கோட்டைப் போட்டிருந்ததால் ஷும்கார் ஆனவன். ஷும்காரின் பெட்டியில் வந்து, ஷும்காரின் பெயரில் ஓதக் கேட்டு, பதினொரு மாதமாக ஷும்காரின் தட்டில் சாப்பிடுபவன்.

அம்மா கேமராவை வாங்கினார். கண்ணருகே வைத்து வெகுநேரம் பார்த்தார். அத்தனை நேரம் பார்த்தவருக்குத் தெரியாமல் இருக்காது என்று பெர்மெத் நினைத்தாள். அம்மாவின் உதடு ஒருமுறை துடித்தது.

“எவ்வளவு இளைச்சுட்டான் பாரு,” என்றார். “முடியெல்லாம் கொட்டிப்போச்சு. அங்க தண்ணி சரியில்ல. இதையே கல்லுக்குக் கொடுத்துடு.”

“அபா, இது...”

“கொடுத்துடு பெர்மெத்.”

கேமரா கைக்குத் திரும்பி வந்தது. அவளுடைய விரல், தானாகவே, படத்தைப் பெரிதாக்கி நகர்த்தியது. காலர். அம்மாவின் தலைத்துணி. ஜன்னல் சட்டம்.

ஜன்னலுக்கு வெளியே, மார்புவரை பனியில், சட்டை மட்டும் போட்டுக்கொண்டு ஒருவன் நின்றிருந்தான். இரண்டு உள்ளங்கைகளும் கண்ணாடியில் பதிந்திருந்தன. ஒரு கையின் விரல்கள் மட்டும், தட்டிக்கொண்டே இருந்ததால், கலங்கியிருந்தன. அந்த மூக்கு, அந்தக் கண்கள், அந்த நெற்றி, ஒவ்வொரு மயிரும் தெளிவாக இருந்தது. கல்லில் செதுக்கலாம் போல இருந்தது. வாய் மட்டும் பதியவில்லை. வாய் இருந்த இடத்தில் ஒரு கறுத்த கலக்கம்.

இரண்டு நிமிடமும் அவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறான்.

“அண்ணா,” என்றாள் பெர்மெத்.

டக். டக்.

அம்மா மெத்தையிலிருந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “ஜன்னல் பக்கமா குளிர் ஏறுது. பாவம், நடுங்குறான்,” என்றார். வெளியே பார்க்காமல், கம்பளித் திரையை இழுத்து மூடி, இடைவெளி விழாதபடி அதன் இரண்டு ஓரங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலிருந்து கீழ்வரை நீவிவிட்டார்.